கறுப்புத் துணி சுற்றிய டப்பா

கண்ணாடிக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். கடையில் ஆணி, திருகு, பசை எல்லாம் இருப்பது அவரே வெட்டி ஒட்டிய கண்ணாடிப் பெட்டிகளில்தான். வீட்டிலும் அதே கதை. சர்க்கரை, உப்பு, பொத்தான், மாத்திரை என்று எதைத் தேடினாலும் மூடியைத் திறந்து பார்க்கும் வேலையே கிடையாது. கல்யாணமான புதிதில் துணி அலமாரியின் மரக் கதவைக் கழற்றிவிட்டு அங்கேயும் கண்ணாடி போட்டார். மனைவி பேச்சை நிறுத்தி அதை மட்டும் மறுபடி மாற்ற வைத்தாள்.

கீழே கடை, மேலே வீடு. வீட்டின் பின்னறையில் மாமியார். மாமியாரோடு ஒரு கினிப்பன்றி.

அதற்குப் பன்றி என்று எவன் பெயர் வைத்தானோ, கண்ணாடிக்காரருக்குப் புரிந்ததே இல்லை. எலியும் இல்லை, முயலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்ட உருண்டை. வெள்ளையும் பழுப்புமாக முடி. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து காய்ந்த புல்லை மெல்லும். பசித்தால் மட்டும் வீடு அதிரக் கத்தும். தான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்து மேனேஜர் அச்சு அசலாக இப்படித்தான் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மேனேஜருக்கு நாக்கு நீளம். புல்லையும் வெள்ளரிக்காயையும் தவிர வேறு எதையும் தொடாது. கீரையை வைத்தால் மிதித்துவிட்டுப் போகும். இப்படியே விட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று சொல்லி, பறவைக்கும் முயலுக்கும் தீனி விற்கிற கடைக்காரர் மாமியாருக்கு ஒரு தூளை நிறுத்துக் கொடுத்தார். புளிப்புக் காய்களையும் ஏதேதோ இலைகளையும் நிழலில் உலர்த்தி அரைத்த பச்சைத் தூள். அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் சொன்னார். வெட்டி வைத்த ஆப்பிள் காற்றுப் பட்டுக் கறுத்துப் போகிறதல்லவா, அந்த மாதிரி உடம்புக்குள்ளும் நடக்குமாம். இந்தத் தூள் அதைத் தடுக்குமாம். மனுஷ உடம்பைப் போலவே இந்தப் பிராணிக்கும் அந்தச் சத்து தானாக ஊறாது, வெளியிலிருந்துதான் போக வேண்டுமாம். மாமியார் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் வரி விடாமல் ஒப்பித்தார்.

கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தனக்கு இருமல் வந்தால் இந்த வீட்டில் வெந்நீர்தான் மருந்து, எலிக்கு ஆன்டிஆக்ஸிடன்டா என்று கேட்டார். அதோடு விட்டாரா? கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மேனேஜருக்கு முகப்பவுடர் எப்போது வாங்குகிறீர்கள் அத்தை என்று சாப்பாட்டு வேளையில் கேட்டார். மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அதன்பிறகு அந்தத் தூளைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. பழக்கம் நின்றுபோயிற்று என்றே கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

நிற்கவில்லை என்பது, மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் என்று முடிவானபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலும், பிறகு அதன் பக்கத்திலேயே இருக்கும் மூத்த மகள் வீட்டிலும் சில வாரங்கள் தங்க வேண்டும். கண்ணாடிக்காரரின் மனைவியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்க வேண்டி வரும். ஆக, மேனேஜரைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

மாமியார் அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் மாப்பிள்ளையிடம் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை. கடைத்தெருவிலிருந்து ஒரு தேங்காய் வாங்கி வரச் சொல்வதாக இருந்தாலும் மகள் மூலம்தான். அதனால் கண்ணாடிக்காரருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மாமியார் பாத்திர அலமாரியின் ஆழத்தில் கையை விட்டு, பெரிய குண்டான்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கிழிந்த குடையிலிருந்து வெட்டிய கறுப்புத் துணி அதன் மேல் இறுகச் சுற்றி, நாடாவால் கட்டியிருந்தது.

காலையில் ஒரு சிட்டிகை, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலக்க வேண்டும், உடனே கொடுத்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்று சொன்னார். பிறகு கூண்டைப் பார்த்தார்.

"காலையில கண்ணு முழிச்சதும் எனக்காகக் கத்துற ஜீவன் இது ஒண்ணுதான் மாப்பிள்ளை. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

கவலைப்படாதீர்கள் அத்தை, நீங்கள் பார்ப்பதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கண்ணாடிக்காரர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். வினையே அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது.

நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் அவர் அகராதியில் சீர்திருத்துவது என்று பொருள். முதலில் கூண்டை இருட்டுப் பின்னறையிலிருந்து கீழே கடைக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அருகில் வைத்தார். வெயில் நேராக விழாமல் கூண்டுக்கு மட்டும் ஒரு அட்டையைச் சாய்த்து நிழல் செய்தார். பிறகு டப்பாவை அவிழ்த்தார். துணிக்குள்ளே இருந்தது சாதாரண பிளாஸ்டிக் டப்பா. அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதித் தூளைத் தானே செய்த ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி ஜன்னல் பலகையில் வைத்தார். பச்சை நிறம் பார்க்கவே அழகாக இருந்தது. மீதியைப் பழைய டப்பாவிலேயே விட்டுத் துணியைச் சுற்றி அலமாரியில் திரும்ப வைத்தார்.

அடுத்து அந்தச் சிட்டிகை விவகாரம். தினமும் சிட்டிகை எடுப்பது, கலக்குவது, ஸ்பூனோடு அதன் பின்னாலேயே அலைவது எல்லாம் வேலை தெரியாதவர்கள் செய்கிற வேலை. அவர் ஒரு நல்ல கண்ணாடிப் புட்டியை எடுத்தார். அதில் நாளுக்கு ஒன்றாகக் கோடு கீறினார். ஒரு வாரத்துக்கு வேண்டிய தூளை மொத்தமாகத் தண்ணீரில் கரைத்து, வாயில் எஃகுக் குழாய் பொருத்தி, கூண்டுக்கு வெளியே, ஜன்னல் பக்கமாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார். மேனேஜருக்குத் தாகம் எடுக்கும்போது குழாயை நக்கிக்கொள்ளலாம். எவ்வளவு குடித்தது என்பது கோட்டைப் பார்த்தால் தெரியும். காலை வெயிலில் புட்டி பச்சையாக மின்னியது. தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

மாமியார் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அவர் பெருமையோடு பதில் சொன்னார். ஒரு நாளும் தவறவில்லை அத்தை, கோடு கோடாக இறங்குகிறது.

முதலில் மாறியது முடிதான். வழவழவென்று இருந்தது சிலிர்த்துக்கொண்டு நின்றது. பிறகு மேனேஜர் கத்துவதை நிறுத்தியது. கடைக் கதவு திறக்கும்போது, வெள்ளரிக்காயை நறுக்கும்போது, எப்போதுமே கத்தவில்லை. ஒரு காலையில் கண்ணாடிக்காரர் அதைத் தூக்கக் கையை விட்டபோது கீச்சென்று அலறியது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது. அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து அதைப் படுக்க வைத்து, கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் இளவயதுப் பெண்மணி, பொறுமைசாலி. மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், ஈறுகளைப் பார்த்தார். வைட்டமின் சி உள்ளே போகிறதா என்று கேட்டார். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தினமும் போகிறது, மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட், அளவு மாறாமல், புட்டியில் கோடு போட்டு என்று அடுக்கினார். டாக்டர் மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் அடித்துச் சொன்னார். இவ்வளவு உறுதியாகச் சொல்கிற ஆளை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? டாக்டர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுத்தார், பல்லைச் சோதித்தார். கடைசியில் வயசின் கோளாறாகவோ முதுகெலும்பில் ஏதாவதாகவோ இருக்கலாம் என்றார்.

"வலிக்கு மருந்து தர்றேன் சார். கொஞ்ச நாள் பாப்போம். சாப்பாட்டையும் நிறுத்திடுச்சுன்னா அதை இழுத்துப் பிடிச்சு வெக்கிறது பாவம். வலி தெரியாம ஊசி போட்டு அனுப்பிடலாம். வீட்டுல பேசி முடிவெடுங்க."

வீட்டில் யாரிடம் பேசுவது? மனைவியிடம் சொன்னால் அவள் குரலிலேயே மாமியார் கண்டுபிடித்துவிடுவார். கட்டிலில் காலை அசைக்க முடியாமல் கிடக்கிறவரிடம் உங்கள் மேனேஜரை அனுப்பிவிடலாமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அன்று மாலை மாமியார் பேசியபோது, நன்றாக இருக்கிறது அத்தை என்று முதல்முறையாகப் பொய் சொன்னார். கத்துகிற சத்தத்தைக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றார் மாமியார். தூங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் அவர் கண்ணாடி வெட்டியதெல்லாம் கோணிப்போனது. மேனேஜர் வெள்ளரிக்காயை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வரிசைத் தையற்காரி ஒரு சட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கடை முகப்பில் மாட்டுவதற்காக அவர் கண்ணாடி போட்டுக் கொடுத்த படம். சிவப்புக் கவுன் போட்ட பெண். சிவப்பு இப்போது வெளுத்துப்போன செங்கல் நிறத்தில் இருந்தது. மட்டமான கண்ணாடியைப் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள் என்று அவள் சண்டைக்கு நின்றாள்.

இந்தச் சண்டை அவருக்குப் புதிதல்ல. வருஷத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார், அது யோசிக்காமலே வாயில் வந்தது.

"கண்ணாடி மேல தப்பு இல்லம்மா. கண்ணாடி வெயிலத் தடுக்காது, அப்படியே உள்ள விட்டுடும். தினம் வெயில் பட்டா எந்தச் சரக்கா இருந்தாலும் சத்து போயிடும்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் கண்கள் ஜன்னல் பலகைக்குப் போயின. ஜாடியில் இருந்த தூளைப் பார்த்தார். பச்சை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற பொருள் எப்போது நிறம் மாறியது என்று யாருக்குத் தெரியும்? அது இப்போது காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தது. புட்டியில் இருந்த தண்ணீரோ கடுந்தேநீர் போலப் பழுப்பேறியிருந்தது.

என் படத்துக்கு என்ன பதில் என்று கேட்டாள் தையற்காரி. கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஆப்பிளும் இன்னொரு கையில் கறுப்புத் துணி சுற்றிய டப்பாவும் இருந்தன. இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று தையற்காரி யோசித்திருக்க வேண்டும். ஆனால் போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.

தீனிக்கடைக்காரர் சொன்னதாக மாமியார் ஒப்பித்ததும், தான் விழுந்து விழுந்து சிரித்ததும் அவருக்கு ஞாபகத்தில் இருந்தது. வெட்டிய ஆப்பிள் கறுக்காமல் தடுக்கிற தூள். அப்படியானால் தூளுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஆப்பிளையே கேட்டுவிடலாமே. மேசை மேல் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டார். ஆப்பிளில் நான்கு துண்டு வெட்டி வரிசையாக வைத்தார். முதல் துண்டில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் கூண்டுப் புட்டியின் தண்ணீர். மூன்றாவதில் ஜன்னல் ஜாடித் தூளைப் புதிதாகக் கரைத்துத் தடவினார். நான்காவதில் கறுப்புத் துணி டப்பாவின் தூள். எது எது என்று கண்ணாடிக்குக் குறி போடும் பேனாவால் எழுதினார்.

பிறகு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆப்பிள் கறுப்பதை உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அது எப்போது மாறுகிறது என்று கண்ணுக்கு அகப்படுவதே இல்லை. தையற்காரி தன் வாடிக்கையாளர் ஒருத்தியின் இடுப்பளவைப் பற்றி ஒரு கதை சொன்னாள். அவர் பாதியைத்தான் கேட்டார். கதை முடிந்து குனிந்து பார்த்தபோது வெறும் தண்ணீர்த் துண்டின் ஓரம் பழுப்பேறியிருந்தது. புட்டித் தண்ணீர்த் துண்டும் அதே மாதிரி, ஒரு பொட்டுக்கூட வித்தியாசம் இல்லாமல் பழுப்பேறியிருந்தது. ஜாடித் துண்டு அரைகுறை. நான்காவது மட்டும் வெட்டிய நிமிஷத்தில் இருந்தது போலவே வெள்ளையாக இருந்தது.

"அப்போ இந்த ரெண்டாவது?" என்றாள் தையற்காரி.

"வெறும் தண்ணி." அவர் கூண்டுப் புட்டியைக் காட்டினார். "இத்தனை நாளா அதுக்கு நான் குடுத்தது வெறும் தண்ணி."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்கு நடுவில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு சந்தோஷமும் இருந்தது. காரணம் தெரியாமல் கிடந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னார். டாக்டர், தூளில் இருக்கும் வைட்டமின் சி தண்ணீரில் கரைத்தால் ஒரு நாள் தாங்குவதே அபூர்வம், வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம், குழாயின் உலோகம் பட்டாலும் கெடும் என்றார். உடனே தூக்கி வரச் சொன்னார். அன்றே வைட்டமின் சி-யை ஊசியாகப் போட்டார், கண் முன்னாலேயே சொட்டு மருந்தும் கொடுத்தார். முதலிலேயே இது தெரிந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்திருக்கவே மாட்டேன் சார் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கண்ணாடிக்காரருக்கு.

அதற்குப் பிறகு அவர் சீர்திருத்தம் எதுவும் செய்யவில்லை. கூண்டு பின்னறைக்குத் திரும்பிப் போனது. காலையில் எழுந்து, பல் விளக்குவதற்கு முன்னால் கறுப்புத் துணி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுப்பார், ஸ்பூனில் கலக்குவார், மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார். அது பாதியை அவர் சட்டை மேல் துப்பும். அவர் மறுபடி கலக்குவார். ஒரு காலை, அவர் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மெல்லியதாய் ஒரு சத்தம் வந்தது. கதவு கீச்சிட்டதோ என்று திரும்பவும் திறந்து மூடிப் பார்த்தார். கதவு இல்லை. மேனேஜர் முன்னங்கால்களைக் கம்பியில் வைத்து நின்று கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

மாமியார் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். படிக்கட்டில் கோல் தட்டுகிற சத்தம் கேட்டதுமே பின்னறையில் கூச்சல் தொடங்கிவிட்டது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். முடியைத் தடவினார், கால்களை நீவிப் பார்த்தார்.

"கொஞ்சம் இளைச்சிருக்கு" என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆனால் உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன் இப்போது எதை மூடி வைப்பது? எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல், புட்டி, கோடுகள், எக்ஸ்ரே, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு, தொலைபேசியில் சொன்ன பொய், நான்கு ஆப்பிள் துண்டுகள். மனைவி வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மாமியார் மேனேஜரைத் தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"நீங்க செஞ்சதுதான் சரி அத்தை" என்று முடித்தார். "வெளிச்சம் பட்டா கெட்டுடும்னு தெரிஞ்சு கறுப்புத் துணிய அத்தனை இறுக்கமாச் சுத்தி வெச்சிருந்தீங்க. அதப் போய் அவுத்தேனே. அது மட்டும் யார் சொன்னா உங்களுக்கு, தீனிக்கடைக்காரரா?"

மாமியார் முகத்தில் குழப்பம் தெரிந்தது. அவரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிச்சத்துக்கா? எனக்கு அதெல்லாம் தெரியாது மாப்பிள்ளை. உடனே கலக்கிக் குடுத்துடணும்னு கடைக்காரர் சொன்னாரு, அதச் செஞ்சேன்." கொஞ்சம் தயங்கினார். "துணி சுத்துனது உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான். பாத்தா சிரிப்பீங்க."

கண்ணாடிக்காரருக்குத் தான் சிரித்த சிரிப்பெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. சுருக்கென்று குத்தியது.

மறுநாள் காலை மாமியார் எழுந்து கோலைத் தேடுவதற்குள் அவர் ஸ்பூனோடு வந்து நின்றார். இன்றைக்கு நான் கொடுக்கட்டுமா அத்தை என்று கேட்டார். சட்டையில் துப்பும் என்றார் மாமியார். தெரியும் என்றார் அவர்.

டப்பாவை அவர் குண்டான்களுக்குப் பின்னால் திருப்பி வைக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி சமையல் மேடையில், சர்க்கரை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்புத் துணியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.